எண்ணெய் பட்ட சிப்பியும் மட்டியும்

கேள்வி: எண்ணெய்ப் படலம் விலகி மூன்று வாரம் ஆகிறது. தண்ணீர் தெளிந்துவிட்டது, சிப்பிகளும் உயிரோடு இருக்கின்றன. இனிக் கவலை இல்லைதானே?

பதில்: சிப்பி உயிரோடு இருப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எண்ணெய் பட்டதும் சிப்பி தன் ஓடுகளை இறுக மூடிக்கொள்ளும். ஆனால் மூடியிருக்கும்வரை மூச்சும் இல்லை, தீனியும் இல்லை. திறந்துதான் ஆக வேண்டும். திறந்தால் மணிக்கு லிட்டர் கணக்கில் நீரை இழுத்துச் செவுளில் வடிகட்டும். நுண்பாசியோடு எண்ணெய்த் துளியும் உள்ளே போகும். மீனின் கல்லீரல் எண்ணெயிலுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்களை (கார்பன் வளையங்கள் இணைந்த நச்சுப் பொருட்களை) விரைவில் உடைத்து வெளியேற்றிவிடும். சிப்பியிடம் அந்த நொதிகளின் வேலை மிகக் குறைவு என்பதால் அவை சதையின் கொழுப்பில் தங்கிவிடும்.

பாறையில் ஒட்டிய மட்டியைக் கையால் அசைத்துப் பாருங்கள். நோய்ப்பட்டதென்றால் ஒட்டும் நார்கள் குறைந்து, லேசான இழுப்புக்கே விட்டுவிடும். குச்சியால் தொட்டால் ஓடு சோம்பலாக மூடும். உள்ளே சதை ஓடு முழுவதும் நிறையாமல் நீர்த்துச் சுருங்கியிருக்கும். பட்டினியாலும் இப்படி ஆகலாம். அதனால் எண்ணெய் படாத இடத்து மட்டியோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். பெரியவற்றைவிட, சிப்பி மட்டிகளின் முட்டையிலிருந்து வரும் இளம்புழுக்கள்தான் முதலில் சாகும். மேல்நீரில் மிதக்கும்போது சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால், உடலில் ஏறிய ஹைட்ரோகார்பனின் நஞ்சு பல மடங்காகும்.

கேள்வி: ஓரிரவு நல்ல நீரில் போட்டு, நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. அந்த ஓரிரவு மணலைக் கக்க வைக்கும், அவ்வளவுதான். நாஃப்தலீன் போன்ற லேசான ஹைட்ரோகார்பன்கள் சில நாளில் போகும். பென்சோபைரீன் போன்ற கனமானவை போக வாரக்கணக்காகும். வேகவைத்தாலும் அவை சிதையாது. மண்ணெண்ணெய் வாடை வரவில்லை என்பதும் உத்தரவாதமில்லை, ஏனென்றால் வாடை பெரும்பாலும் லேசானவற்றால்தான். ஐரோப்பிய ஒன்றியம் சிப்பிச் சதையில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் பென்சோபைரீன்வரைதான் அனுமதிக்கிறது. அந்த அளவை மூக்கால் பிடிக்க முடியாது.

அடிமண்ணில் எண்ணெய் இருந்தால் சிப்பிக்குள் மறுபடி மறுபடி ஏறும். 1989-இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் கசிந்த அலாஸ்காவில், மட்டிப் படுகைகளுக்கு அடியில் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தது.

கேள்வி: ஆய்வகத்துக்கு மாதிரி எப்படி எடுப்பது?

பதில்: ஒரே அளவில் இருபது, முப்பது எடுங்கள், எண்ணெய் படாத இடத்திலிருந்தும் அதேபோல. டீசல் பட்ட கையால் தொடக்கூடாது. அலுமினியத் தாளில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் நேரடியாகப் படக்கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே உறைய வையுங்கள். கரையிலேயே உடைத்துப் பார்த்துவிடாதீர்கள். ஓட்டின் வெளிப்புற எண்ணெய் சதையில் பட்டால் மாதிரி வீண்.