வானவில் எழுத்தும் டேப்லெட் பேனாவும்

கேள்வி: அலுவலகத்தில் வானவில் எழுத்துருவில் அடித்த வேர்டு கடிதம், டேப்லெட்டில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. எழுத்துரு இல்லாத கருவியில் இருக்கை மட்டும்தான் தெரியும். பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் இதே கதைதான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். எழுத்துருவும் கூடவே பொதிந்து வரும்.

ஆனால் பார்க்க மட்டும்தான் அது தமிழ். 'அரசு' என்று தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் மறுபடி குப்பைதான். தேட வேண்டிய கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இருக்கை உள்ள பொதுக் குறியீட்டுக்கு, மாற்றுங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. நம் மேசைகளுக்குத்தான் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துவிடுங்கள். மாற்றும் மென்பொருள் இடையில் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழ்க் குளறுபடியாக்கி வைத்திருக்கும்.

அப்புறம், பிரின்ட் வழியாகப் போகாமல் 'சேவ் அஸ்' வழியாக பிடிஎஃப் ஆக்குங்கள். பிரின்ட் வழியில், தட்டினால் திறக்கும் இணைப்புகள் (லிங்க்) உதிர்ந்துவிடும்.

கேள்வி: எக்செல் பட்டியல் பிடிஎஃப்பில் துண்டு துண்டாக வருகிறதே?

பதில்: பேஜ் லேஅவுட்டில் தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, அகலத்தை ஒரு பக்கம் என்று மாற்றுங்கள். உயரத்தைத் தொடாதீர்கள், அதுவும் ஒரு பக்கம் என்றால் எழுத்து எறும்பாகிவிடும்.

கேள்வி: டேப்லெட்டில் பேனாவால் எழுதிய திருத்தங்கள் அச்சில் வரவில்லை.

பதில்: அவை பக்கத்தில் கலக்காமல் தனிப் பொருள்களாக மேலே நிற்கின்றன. அக்ரோபாட் ரீடரில் அச்சிடும்போது 'டாக்குமென்ட் அண்ட் மார்க்அப்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில செயலிகளில் 'ஃபிளாட்டன்' வசதி இருக்கும்; அது குறிப்புகளைப் பக்கத்தோடு ஒட்டிவிடும். பிறகு பிரிக்க முடியாது, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: ஆதார் எண்ணைக் கறுப்புப் பேனாவால் மறைத்து அனுப்பலாமா?

பதில்: கூடாது. மேலே சொன்ன அதே காரணம்தான்: கறுப்புக் கோட்டை யாரும் தட்டி அழித்துவிடலாம், எண் அடியில் பத்திரமாக இருக்கும். வேர்டு கோப்பிலேயே எண்ணை நீக்கிவிட்டு பிடிஎஃப் ஆக்குங்கள். பிடிஎஃப் மட்டும்தான் கையில் என்றால், மறைத்ததைத் தாளில் அச்சிட்டு, எண் துளியும் தெரியவில்லை என்று பார்த்து, அந்தத் தாளை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். சுற்றுவழிதான், இருந்தாலும் அதில் தோண்டியெடுக்க ஒன்றும் இருக்காது.