ஐரோப்பாவின் பொது விடுமுறைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஆகஸ்ட் 15 அன்று எங்கள் நியூ-உல்ம் நகரில் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன, டான்யூப் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள உல்மில் வியாபாரம் வழக்கம்போல் நடந்தது. இது எப்படி?

பதில்: ஆறுதான் அங்கே மாநில எல்லை: நியூ-உல்ம் பவேரியா மாநிலத்தில், உல்ம் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில். ஜெர்மனியில் மத்திய அரசு தன் சட்டத்தால் அறிவித்துள்ள விடுமுறை அக்டோபர் 3, ஒருமைப்பாட்டு நாள், ஒன்றே; மற்றவை யாவும் மாநிலங்களின் பொறுப்பு. பவேரியா இன்னும் ஒரு படி கீழே இறங்கி, மாதாவின் விண்ணேற்பு நாளான ஆகஸ்ட் 15-ஐக் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக உள்ள ஊராட்சிகளுக்கு மட்டுமே விடுமுறையாக வைத்திருக்கிறது. அதே மாநிலத்தின் ஆக்ஸ்பர்க் நகருக்கோ, 1650 முதல் கொண்டாடப்படும் அமைதித் திருநாளான ஆகஸ்ட் 8-உம் உண்டு. நகர எல்லையைத் தாண்டினால் அது வேலை நாள்.

கேள்வி: வீடு உல்மில், வேலை நியூ-உல்மில். எனக்கு எது பொருந்தும்?

பதில்: வேலை செய்யும் இடத்தின் விடுமுறையே பொருந்தும்.

கேள்வி: பிரான்சில் நவம்பர் 11 அன்று வேலைக்கு வரச் சொல்கிறார்கள். சட்டப்படி சரியா?

பதில்: பெரும்பாலும் சரிதான். பிரான்சின் 11 விடுமுறைகளில், சம்பளத்துடன் கட்டாயமாக ஓய்வு தரவேண்டிய நாள் மே 1 மட்டுமே; மருத்துவமனை, போக்குவரத்து போன்று நிறுத்த முடியாத பணிகளில் அன்று வேலை செய்பவருக்கு இரட்டைச் சம்பளம் உண்டு. வயது வந்தோருக்கு மற்ற நாட்களைத் தொழிற்சங்க ஒப்பந்தமோ, அது இல்லாவிடில் முதலாளியோ முடிவு செய்வார்கள். ஜெர்மனியை ஒட்டிய அல்சாஸ், மொசேல் பகுதியினருக்கு டிசம்பர் 26 கூடுதலாகக் கிடைக்கிறது; புனித வெள்ளியும் புராட்டஸ்டண்ட் ஆலயம் உள்ள ஊர்களில் விடுமுறை. 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த காலத்துச் சட்டத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

கேள்வி: இங்கிலாந்தில் 'வங்கி விடுமுறை' (அங்கே பொது விடுமுறைக்கு வழங்கும் பெயர்) அன்று விடுப்பு மறுக்கப்பட்டது.

பதில்: பெயரே விடை சொல்கிறது: 1871-ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளுக்காக வந்தது. அந்நாட்களில் ஓய்வு பெறும் சட்ட உரிமை எவருக்கும் இல்லை. வாரம் ஐந்து நாள் உழைப்பவருக்கு ஆண்டுக்கு 28 நாள் சம்பள விடுப்பு உண்டு. வங்கி விடுமுறைகளையும் அதற்குள் அடக்கிவிட முதலாளிக்கு இடமுண்டு. ஆகவே, பணி ஒப்பந்தத்தில் 'உட்பட' என்று எழுதியிருக்கிறதா, 'நீங்கலாக' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இருக்கும் விடுமுறையை அரசு பறிக்க முடியுமா?

பதில்: பறித்திருக்கிறார்கள். டென்மார்க் 1686 முதல் இருந்த பெரும் பிரார்த்தனை நாளை, பாதுகாப்புச் செலவைக் காரணம் காட்டி, 2024 முதல் நீக்கியது. ஜெர்மனியில் 1995-இல் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டின் செலவை ஈடுகட்ட நவம்பரில் வரும் புராட்டஸ்டண்ட் தவ நாள் விடுமுறை பலியானது. சாக்சனி மாநிலம் மட்டும் அதை வைத்துக்கொண்டது; அதற்கு விலையாக, அங்குள்ள தொழிலாளர்கள் இன்றும் அந்தக் காப்பீட்டுக்குத் தம் முதலாளிகளைவிட அதிகப் பங்கு செலுத்துகிறார்கள்.