கர்ணன் என்று மட்டும் எழுதாதீர்கள்

கேள்வி: எங்கள் சித்தப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கையில் காசு தங்காது, கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுவார். திடீரென்று பையைத் தூக்கிக்கொண்டு பத்ரிநாத், துவாரகை என்று கிளம்பிவிடுவார். அவருக்கு நினைவு மலர் போடுகிறோம். கட்டுரை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. உறவினர்கள் எழுதி அனுப்பியதெல்லாம் 'கொடையில் கர்ணன்', 'பாசத்தின் சிகரம்' என்றே இருக்கிறது. நான் எப்படி எழுதட்டும்?
- ஒரு வாசகி, பவானி

பதில்: முதலில் சித்தியிடம் போய் உட்காருங்கள். கர்ணனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஊருக்கு வாரிக் கொடுத்தவரின் கணக்கு முழுசாகத் தெரிந்தது வீட்டில் இருந்தவருக்குத்தான்.

என் அண்ணனும் இதே ரகம். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டியில் டிரில்லர். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997இல். நாங்கள் சேலம் மாவட்டக்காரர்களாக இருந்த காலத்திலேயே அவர் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் சொன்னது பெங்களூரு, போய்ச் சேர்ந்தது இப்போதைய சத்தீஸ்கரில் இருக்கும் பஸ்தர். துளை போடும் ரிக் ஒரு வண்டி. துளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் ராடு, குழி சரியாமல் தாங்கும் கேசிங் பைப், டீசல், அரிசி மூட்டை, அடுப்பு எல்லாம் ஏற்றிய சப்போர்ட் வண்டி இன்னொன்று. இரண்டும் சேர்ந்து காடு மலையெல்லாம் சுற்றும். மழைக்காலத்தில் அங்கே வேலை நின்றால்தான் ஊருக்கு வருவார். இந்தத் தெரு வாசனையே பிடிக்காதவர்போல பத்து நாளில் மறுபடி கிளம்பத் துடிப்பார்.

அவர் இறந்தபோது நாங்களும் ஒரு மலர் போட்டோம். 'வாரி வழங்கிய வள்ளல்' என்று நாலைந்து பேர் எழுதிக் கொடுத்தார்கள். வள்ளலா என்று அண்ணியிடம் கேட்டேன். போர் போடுவதில் அடிக்கணக்குதான் கூலி. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் விவசாயி பணம் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு குழி பொய்த்துப்போன ஒரு ஆளுக்கு மூன்றாவது குழியிலும் புழுதிதான் பறந்ததாம். அண்ணன் 300 அடியை பில்லில் 200 என்று எழுதிவிட்டார். எத்தனை ராடு இறங்கியது என்று முதலாளிக்குக் கணக்குப் போடத் தெரியாதா என்ன? அந்த 100 அடிக் காசை அண்ணன் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அந்த மாதம் அண்ணிக்கு மணியார்டர் வரவில்லை. மழைக்கு ஊர் வந்தபோது, அதை ஈடுகட்ட, ஜெகதல்பூர் சந்தையில் வாங்கிய புளி இரண்டு மூட்டையை இறக்கினார். பஸ்தர் புளி பேர்போனது, நன்றாகத்தான் இருந்தது. அண்ணி சொன்னதை அப்படியே போட்டோம்: "ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்தாரு அம்முணி. எனக்குப் புளி குடுத்தாரு."

மலரை வாங்கியவர்கள் படித்தது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

அடுத்து, அவரோடு வேலை பார்த்தவர்களைத் தேடினேன். கோண்டகாவ் பக்கத்துப் பையன் ஒருவன் போனில் நம் கொங்குத் தமிழிலேயே அழுதான், "அண்ணனுங்க, அண்ணனுங்க" என்று. ராடு தூக்க வந்தவனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தது அண்ணன்தானாம். எங்களுக்குத் தெரியாத ஒன்றையும் அவன் சொன்னான். தண்ணீர் வராத குழியின் வாயில் மூடி போட்டு, மேலே கல்லும் மண்ணும் ஏற்றி மிதித்துப் பார்க்காமல் அண்ணன் வண்டியை எடுக்கவே விடமாட்டாராம். கைவிட்ட குழியை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவு போட்டது. இவர் அதற்கு வெகுநாள் முன்பிருந்தே செய்திருக்கிறார். அடுத்து போர் போட வேண்டிய பாயிண்டுக்கு நேரமாகிறது என்று, வேலை பிடித்துத் தரும் ஏஜென்ட் திட்டுவானாம். காசு கொடுப்பதையே கொடை என்று நினைத்திருந்த எங்கள் வீட்டுக்கு இது புதுச் செய்தி.

உங்கள் சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் பத்ரிநாத் போன மாதம் வீட்டில் அரிசி இருந்ததா என்று கேளுங்கள். எந்த வருடம், எந்த மாதம் என்று யாருக்கும் நினைவில்லையென்றால், கோயிலே வழி சொல்லும்: குளிர்காலம் முழுக்க அங்கே நடை சாத்தியிருக்கும், சித்திரை வைகாசி வாக்கில் திறந்து ஐப்பசி கார்த்திகையில் மூடிவிடுவார்கள். 'பள்ளிக்கூடம் திறந்த சமயம்', 'தீபாவளிக்கு ஆளைக் காணோம்' என்று யாராவது சொன்னால் அதோடு பொருத்திப் பாருங்கள். பழைய போட்டோவின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். கூடப் போனவர் ஒருவராவது இருப்பார். ரயிலில் என்ன சாப்பிட்டார், யாரோடு சண்டை போட்டார் என்று அவரிடம் கேளுங்கள். சித்தி சிரித்தால் எழுதுங்கள், திட்டினாலும் எழுதுங்கள். வேண்டாம் என்று சொன்னால் மட்டும் விட்டுவிடுங்கள். அச்சுக்குப் போகுமுன் அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.

கர்ணனை எழுதி அனுப்பிய உறவினர்கள் கோபித்துக்கொள்வார்கள்தான். கடைசிப் பக்கத்தில் அவர்கள் பெயரையெல்லாம் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: அப்பா யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று அவர் டைரியில் இருக்கிறது. நினைவு மலரில் அந்தப் பக்கங்களை அப்படியே அச்சிடலாமா? வசூல் பண்ணலாம் என்கிறான் தம்பி.
- ஒரு வாசகர், கரூர்

பதில்: பெயரோடு போடாதீர்கள். வாங்கியவர்கள் நாளைக்கு மகளுக்குச் சம்பந்தம் பேச வேண்டியவர்கள். எதற்காகக் கொடுத்தார் என்பதை மட்டும் போடலாம்: பிரசவச் செலவு, மோட்டார் காயில் கட்ட, பாலிடெக்னிக் ஃபீஸ். அதிலேயே அப்பா தெரிவார்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டே எழுதிய தேதியிலிருந்து 3 வருடம்தான் கோர்ட்டில் செல்லும். இடையில் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் அன்றிலிருந்து இன்னொரு 3 வருடம். வெறும் டைரியை வைத்துக்கொண்டு வசூலுக்குப் போனால் பெட்ரோல் செலவுதான் மிச்சம். மனதிருப்பவர்கள் கேட்காமலே கொண்டுவந்து கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: உங்கள் அண்ணன் ரிக் வண்டியில் இருந்தவர் என்று முன்பு ஒரு இதழில் எழுதியிருந்தீர்கள். அந்த வண்டியில் நீங்கள் போனதுண்டா?
- ஒரு வாசகர், ராசிபுரம்

பதில்: உண்டு, கொல்லிமலைக்கு. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ரிக் வண்டி ஒரே ஒடிப்பில் திரும்பாது. பின்னால் எடுத்து, கல் போட்டு, மறுபடி முன்னால் எடுத்து என்று ஏறுவதற்குள் எனக்கு மூன்று நாள் சாப்பிட்டது வெளியே வந்துவிட்டது. அண்ணன் பானெட்மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு வந்தார்.

பாறையை உடைக்கும் ஹேமர் சத்தத்திலேயே வாழ்ந்து அவருக்குக் காது மந்தம். அவர் ரகசியம் பேசினால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். மேலே போனதும் என் பரீட்சைக் கட்டணத்துக்குப் பணம் எடுத்துக் கையில் திணித்து, "அண்ணிகிட்டச் சொல்லாத" என்று காதோடு காதாகச் சொன்னார். சமையல்காரப் பையன் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அண்ணியிடம் சொல்லிவிட்டான்.