ஐந்தாம் தந்தியின் ஆணி: வாசகர் கேள்வி பதில்

பான்ஜோ, மாண்டலின், ஃபிடில், டல்சிமர் பழகுகிறவர்கள் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: பான்ஜோ வாங்கப் போகிறேன். முதுகு திறந்தது, மரக்கிண்ணம் வைத்து மூடியது என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எனக்கு ப்ளூகிராஸும் பிடிக்கும், பழைய நாட்டுப்புறப் பாட்டும் பிடிக்கும். எதை எடுப்பது?

முதலில் வலது கைக்கு எந்தப் பாணி என்று முடிவு செய்யுங்கள், பான்ஜோ தானாகத் தேர்வாகிவிடும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியின் பழைய பாணி ‘கிளாஹேமர்’. விரலை மடக்கி, நகத்தின் முதுகால் தந்தியை மேலிருந்து கீழாகத் தட்டி, கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியை விடுவிப்பது. இதற்கு முதுகு திறந்த பான்ஜோவின் மென்மையான ஒலி பொருந்தும். ப்ளூகிராஸ் என்றால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் பிக் (தந்தியை மீட்ட விரலில் மாட்டும் தகடு) மாட்டிக்கொண்டு, கட்டைவிரலால் மேலிருந்து கீழாகவும் மற்ற இரண்டால் கீழிருந்து மேலாகவும் மீட்டும் பாணி. பில் மன்றோவின் ‘ப்ளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவில் 1945 டிசம்பரில் பான்ஜோக்காரர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்தபோது கொண்டுவந்த வாசிப்பு இது. அந்தக் குழுவின் பெயரே பிறகு இசை வகைக்கும் பெயரானது. மற்ற வாத்தியங்களுக்கு நடுவே எடுபட வேண்டுமானால் இந்தப் பாணிக்கு மூடிய முதுகு தேவை.

இன்னமும் சந்தேகம் என்றால் மூடியதையே வாங்குங்கள். பெரும்பாலானவற்றில் நான்கு திருகைக் கழற்றினால் கிண்ணம் தனியே வந்துவிடும். எடைதான் தொல்லை, ஐந்து கிலோவைத் தொடுகிறவையும் உண்டு. வாங்கும்போது தந்தியை எண்ணிப் பாருங்கள். நான்கு தந்தி ‘டெனர்’ பான்ஜோ வேறு வாத்தியம், இந்த இரண்டு பாணிக்குமே உதவாது.

கேள்வி: மூன்று மாதமாக ‘ரோல்’ (விரல்களை மாற்றி மாற்றித் தொடராக மீட்டும் வரிசை) பழகுகிறேன். மெதுவாக வாசித்தால் சரியாக இருக்கிறது. கொஞ்சம் வேகம் கூட்டினால் நொண்டுகிறது. ஏன்?

மெதுவாக வாசிக்கும்போதே நொண்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். இடைவெளி நீளம் என்பதால் காதுக்குத் தெரியவில்லை. கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள்.

இடது கையை மடியில் வைத்துவிட்டு, திறந்த ஜி சுருதியில் (ஐந்தாம் தந்தியிலிருந்து ஜி, டி, ஜி, பி, டி) இந்த ஒரு ரோலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தந்தி வரிசை 3, 2, 5, 1, 4, 2, 5, 1. விரல் வரிசை கட்டை, ஆள்காட்டி, கட்டை, நடு, மறுபடியும் கட்டை, ஆள்காட்டி, கட்டை, நடு. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 60-இல் வைத்து ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம், அதாவது நான்கு தட்டுக்கு ஒரு ரோல். ஐந்து நிமிடம் ஒரே சீராக வந்தபிறகு நான்கு நான்காகக் கூட்டுங்கள். குலைகிற இடம் வந்ததும் பத்து குறைத்துவிட்டு அங்கே தங்குங்கள்.

குலைவதற்கு வழக்கமான காரணம் மூன்று. ஐந்தாம் தந்திக்குப் போகும் கட்டைவிரல் தேவைக்கு மேல் தூக்கி வீசப்படுவதால் தாமதமாகத் திரும்புகிறது. நடுவிரல் பலவீனம், அதனால் முதல் தந்தி அமுங்கிக் கேட்கிறது. மூன்றாவது, தோலின் (பான்ஜோவின் வட்ட முகத்தில் இழுத்துக் கட்டிய சவ்வு) மேல் எந்த விரலும் ஊன்றாமல் கை மிதக்கிறது. சுண்டுவிரலோ மோதிர விரலோ ஒன்றையாவது குதிரைக்கு (தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டு) பக்கத்தில் தோலின் மேல் லேசாக ஊன்றுங்கள். அழுத்தினால் மணிக்கட்டு இறுகும், ஒலியும் மங்கும்.

‘பழகும்வரை பிக் வேண்டாம்’ என்று கழற்றி வைத்துவிடாதீர்கள். வெறும் விரலில் பழகிய கோணம் பிக் மாட்டியதும் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உலோக பிக்கின் தகடு விரலின் சதைப்பக்கம் இருக்க வேண்டும், நகத்தின் மேல் அல்ல. அதன் நுனியை விரல் வளைவுக்கு ஏற்ப லேசாக மடக்கிக்கொண்டால் உரசல் சத்தம் குறையும்.

கேள்வி: ட்யூனரில் பார்த்துச் சரியாகச் சுருதி சேர்க்கிறேன். ஆனாலும் மேலே போகப்போக, 10, 12-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அபஸ்வரமாக இருக்கிறது. பான்ஜோவே கோளாறா?

குதிரை நகர்ந்திருக்கிறது. பான்ஜோவில் குதிரையைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, தந்திகளின் இழுப்புதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தந்தி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றியிருந்தால் அது இடம் மாறியிருக்கும்.

நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் பள்ளத்தில் அமரும் பட்டை) 12-ஆம் ஃப்ரெட் வரை அளந்து, அதே தூரத்தை அங்கிருந்து குதிரை வரை வைக்க வேண்டும். தந்தி நீளம் 26¼ அங்குலமுள்ள பான்ஜோவில் இது 13⅛ அங்குலம். இது தோராயம்தான், மீதியைக் காதோ ட்யூனரோ சொல்லும். முதல் தந்தியை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் தந்தி நீளம் போதவில்லை, குதிரையை வால்பக்கம் தள்ளுங்கள். குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு காலைப் பிடித்து நகர்த்துங்கள், தலையைப் பிடித்தால் சாய்ந்துவிடும். நான்காம் தந்திக்கும் இதையே செய்யுங்கள். அந்தப் பக்கம் குதிரை சற்றே பின்னால் போய் நிற்பது இயல்பு. சரியானதும் கால்களைச் சுற்றிப் பென்சிலால் மெல்லக் கோடிட்டு வையுங்கள். இனிமேல் தந்தியை ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள்.

குதிரைக்குக் கீழே தோல் குழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தளர்ந்த தோலில் ஒலி மந்தமாகும், தந்தியும் தாழ்ந்து ஃப்ரெட்டில் அடிக்கும். தோலைச் சுற்றியுள்ள திருகு நட்டுகளை ஒவ்வொன்றும் எட்டில் ஒரு திருப்பு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே இடத்தில் இறுக்கிக்கொண்டே போனால் தோல் கிழியும்.

கேள்வி: மாண்டலினில் ‘சாப்’ (கார்டை அடித்து உடனே அடக்கும் தாள அடி) அடித்தால் ‘சக்’ என்று நிற்காமல் ரீங்காரமிடுகிறது. விரல் நுனியும் எரிகிறது.

ரீங்காரத்துக்கு இடது கைதான் பொறுப்பு. அடித்த மறுகணமே அழுத்தத்தை விட வேண்டும், ஆனால் விரல் தந்தியை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் திறந்த தந்தி பேசிவிடும். ஜி கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) தடித்த ஜோடியிலிருந்து 7, 5, 2, 3 என்று பிடிக்க வேண்டும். சுண்டுவிரல் 7-இல், மோதிரம் 5-இல், ஆள்காட்டி 2-இல், நடுவிரல் 3-இல். கை எட்டவில்லையா? தடித்த ஜோடியை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் பிடியுங்கள், குழுவில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். இதே வடிவத்தை இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் ஏ கார்டு. பேஸ் வாத்தியம் 1, 3 தட்டுகளில் பேசும், உங்கள் ‘சக்’ 2, 4-இல். கையில் பிடிக்கும் பிக் 1.2 முதல் 1.5 மி.மீ. கனம் இருக்கட்டும். மெல்லிய பிக் ஜோடித் தந்திகளில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு வளைந்துவிடும்.

எரிச்சல் சில வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் நட்டின் பள்ளம் ஆழம் போதாமல் இருக்கலாம். இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுக்கு இடையே தந்தியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே முடியளவு இடைவெளி போதும். அதிகமாகத் தெரிந்தால் வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். சொந்தமாக அரம் போட்டு ஆழம் கூடிப்போனால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: மேற்கத்திய வயலின் நான்கு ஆண்டு படித்திருக்கிறேன். ஃபிடிலுக்கு வேறு வாத்தியம் வேண்டுமா?

வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். சிலர் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுக்க வசதியாகக் குதிரையின் வளைவைக் குறைத்துக்கொள்வார்கள், அவ்வளவே. மாற வேண்டியது வில். ஒரு நீளம், இரண்டு குட்டை என்ற ‘ஷஃபிள்’ இழுப்பை ஒரே தந்தியில் பத்து நிமிடம் இழுத்துப் பழகுங்கள். வில் முழுவதையும் செலவழிக்காதீர்கள், ஒரு சாண் போதும். விப்ராட்டோவை (விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்கவைப்பது) மூட்டை கட்டி வையுங்கள்.

பழைய பாட்டுகளுக்கு ஏ-இ-ஏ-இ என்று சுருதி மாற்றச் சொல்வார்கள். அதற்கு ஜி, டி தந்திகளை ஒரு முழு ஸ்வரம் ஏற்ற வேண்டும், பழைய தந்தி அறுந்துவிடலாம். தனியாகப் பழகும்போது மேல் இரண்டையும் இறக்கி ஜி-டி-ஜி-டி வைத்துக்கொண்டால் விரல் இடங்கள் அதே, அபாயம் இல்லை.

கேள்வி: டல்சிமரில் ‘ஆறரை’ ஃப்ரெட் என்றால் என்ன?

மலை டல்சிமரில் (மடியில் வைத்து மீட்டும் தந்தி வாத்தியம்) பியானோவின் வெள்ளைக் கட்டைகளைப் போலச் சில ஸ்வரங்களுக்கு மட்டுமே ஃப்ரெட் உண்டு. 6-க்கும் 7-க்கும் நடுவே பின்னாளில் சேர்த்த கூடுதல் ஃப்ரெட் அது. டி-ஏ-டி சுருதியில் திறந்த தந்தியிலிருந்து மேஜர் ஸ்கேல் முழுதாக வர அது தேவை. டி-ஏ-ஏ சுருதியில் மூன்றாம் ஃப்ரெட்டில் தொடங்கினால் அது இல்லாமலே வந்துவிடும்.

கேள்வி: கூடி வாசிக்கும் வட்டத்தில் உட்கார ஆசை. பயமாக இருக்கிறது.

ஜி சுருதிப் பாட்டுக்கு ஜி, சி, டி கார்டுகள். ஏ-க்கு ஏ, டி, இ. டி-க்கு டி, ஜி, ஏ. இவை கைவசம் இருந்தால் நிறையப் பாட்டுகளுக்குத் தாக்குப்பிடிக்கலாம். கார்டு தெரியாவிட்டால் கிட்டார்காரரின் இடது கையைப் பாருங்கள். யாராவது பாடும்போது அடக்கி வாசியுங்கள். தனி வாசிப்புக்கு உங்கள் முறை வந்து, தயாராக இல்லை என்றால் தலையசைத்து மறுக்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பான்ஜோக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ சுருதிக்கு கேப்போவை (தந்திகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டினால் ஐந்தாம் தந்தி அதில் அடங்காது. அதை ஏழாம் ஃப்ரெட்டில் உள்ள குட்டி ஆணிக்கு அடியில் செருக வேண்டும். பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கும் ஆணியையே பலர் இதற்குப் பதிக்கிறார்கள்! செருகிய பிறகு சுருதியைச் சரிபார்க்க மறக்காதீர்கள், கொஞ்சம் ஏறியிருக்கும்.

பாட்டை முடிக்கப் போகிறவர் ஒரு காலைத் தூக்குவார். அதைக் கவனிக்காவிட்டால் அடுத்த சுற்றை நீங்கள் மட்டும் தனியாக ஆரம்பித்திருப்பீர்கள்.