பழைய பிக்கப்புக்குக் காரின் முன் சஸ்பென்ஷன் பொருந்துமா?

மண்டபத்தில் மீன் ஏற்றும் பழைய மஹிந்திரா ஜீப் பிக்கப், முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்), தூக்கிப் போடுகிறது. புதுக் காரின் சஸ்பென்ஷனை மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்தக் கார் என்பதில்தான் விஷயம். இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலும் மேக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண். அதன் மேல்முனையைத் தாங்குவது பாடி. உங்களுடையது லேடர் சேஸிஸ், ஏணி போன்ற இரும்புச் சட்டம், அங்கே பிடிக்க இடமே இல்லை. அமெரிக்காவில் பழைய ஃபோர்டு எஃப்-100 பிக்கப்புகளுக்கு 2003 முதல் வந்த ஃபோர்டு கிரௌன் விக்டோரியா காரின் முன் சஸ்பென்ஷனை மாட்டுகிறார்கள். அதில் ஆர்ம்கள் (சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் கைகள்), ஸ்டீயரிங் ரேக் எல்லாம் அலுமினிய கிராஸ்மெம்பரோடு (குறுக்குச் சட்டத்தோடு) ஒரே தொகுதியாக இறங்கிவிடும். நம்மூரில் அப்படி அமைவது அபூர்வம்.

வெல்டிங்கை விட அளவுதான் கஷ்டம். சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் உள்மூட்டு, கீழ் ஆர்ம் அசையும் அச்சோடு ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே சக்கரம் திரும்பும். பாம்பன் பாலத்துக் காற்றில் அது விளையாட்டல்ல! எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் சம்ப் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்கும் முன்னால் சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உப்புக் காற்றும் மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து அரித்திருந்தால் கணீரென்று கேட்காது, மொத்தென்று கேட்கும். அந்த இரும்பில் எதையும் வெல்டு செய்யாதீர்கள்.

அப்புறம், வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

நானாக இருந்தால் ஷேக்கிள் புஷ் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் கொக்கியின் புஷ்), ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றி, துருப்பிடித்த ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து ஓட்டிப் பார்ப்பேன். செலவும் குறைவு.