‘செகண்ட் ஹாஃப் லேக்’

வணக்கம் சார்,

வாரம் இரண்டு படமாவது பார்த்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பற்றிப் பத்து வரி எழுதி நண்பர்களுக்கு அனுப்புவது வழக்கம். விமர்சனம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன், சும்மா பார்த்ததைச் சொல்வதுதான். போன மாதம் ஒருவன் என் பழைய குறிப்புகள் நாலை எடுத்து, படத்தின் பெயரை மட்டும் அழித்துவிட்டு, எது எந்தப் படம் என்று என்னிடமே கேட்டான். எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றிலும் ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக், பிஜிஎம் வேற லெவல், கேமரா சூப்பர், ஒன் டைம் வாட்ச்’ என்றே இருந்தது.

‘மெய்யழகன்’ லேக் என்று எழுதியதற்கு இன்னொரு நண்பர் கோபித்துக்கொண்டார். அவர் தியேட்டரில் பார்த்தவர், நான் வீட்டில். ‘கொட்டுக்காளி’யையும் அப்படித்தான் எழுதியிருந்தேன். எனக்கு சினிமாத் தொழில்நுட்பம் தெரியாது. அது தெரியாமலே உருப்படியாக நாலு வரி எழுத முடியுமா? ட்விஸ்ட் உள்ள படத்தை எப்படிச் சொல்வது? ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடலாமா?

ர., கரூர்

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் வைத்தது நல்ல பரீட்சை. அதை நீங்களே ஒவ்வொரு ஞாயிறும் வைத்துக்கொள்ளலாம். பெயரை அழித்த பிறகும் எந்தப் படம் என்று தெரிந்தால் அனுப்புங்கள், தெரியாவிட்டால் இன்னொரு முறை எழுதுங்கள். தொழில்நுட்பம் தெரியாதது இங்கே குறையே இல்லை. ‘எடிட்டிங் ஷார்ப்’ என்று எழுதுபவர்களில் பெரும்பாலோருக்கு எடிட்டர் கையில் என்னென்ன காட்சிகள் கொடுக்கப்பட்டன, அவர் எதை வெட்டி எறிந்தார் என்பது தெரியாது. தெரிய வழியும் இல்லை.

‘லேக்’கை முதலில் எடுத்துக்கொள்வோம், உங்கள் சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கிறது. அது கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்களிடமிருந்து வந்த சொல். பட்டனை அழுத்துகிறோம், திரையில் துப்பாக்கி சற்றுக் கழித்து வெடிக்கிறது. நடுவில் விழும் அந்தத் தாமதம்தான் லேக். சினிமாவுக்கும் பொருத்தமாகவே வந்து ஒட்டிக்கொண்டது. நீங்கள் மனதுக்குள் ஒரு பட்டனை அழுத்திவிட்டீர்கள், படம் இன்னும் தரவில்லை. ஆகவே லேக் என்று எழுதும்போது இரண்டு செய்தி சேர்ந்து வரவேண்டும்: எதை எதிர்பார்த்து அழுத்தினீர்கள், அப்போது திரையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது. இந்த இரண்டும் இல்லாத ‘லேக்’ உங்களுக்குக் கொட்டாவி வந்ததைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை.

இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, கை போனுக்குப் போன காட்சி எது என்று நினைவில் வைப்பது. வீட்டில் பார்த்தால் படத்தை நிறுத்தி நிமிடத்தைக் குறித்துக்கொள்ளலாம். தியேட்டரில் போனை எடுக்க வேண்டாம், பின் வரிசைக்காரர் சாபம் விடுவார். வெளியே வந்து டீ குடிக்கும் நேரத்துக்குள் குறித்துவிட்டால் போதும், ஆனால் அதற்குள் மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிடக் கூடாது. படித்துவிட்டால் அவர்களுக்குச் சலித்த இடமே உங்களுக்கும் சலித்ததாக நினைவு மாறிவிடும்.

இடம் கிடைத்ததும் காரணம் பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். நம் படங்களில் அடிக்கடி வருவது, நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை இன்னொரு பாத்திரத்துக்கு முழுதாகச் சொல்லும் காட்சி. கொலை செய்தவன் யாரென்று நாம் பார்த்தாகிவிட்டது, போலீஸுக்கு அதை எட்டு நிமிடம் விளக்குவார்கள். அடுத்தது, நாம் ஊகித்துவிட்டதை இருபது நிமிட ஃபிளாஷ்பேக்காகக் காட்டுவது. செகண்ட் ஹாஃப் மேல் விழும் பழியில் பாதி இதற்குரியது, ஏனென்றால் ஃபிளாஷ்பேக்கை இடைவேளைக்குப் பின்னால் வைப்பது நம் திரைக்கதைகளில் ஊறிப்போன பழக்கம். இன்னொன்று நாயகனின் சிக்கல் தீர்ந்த பிறகும் படம் ஓடுவது. தங்கையின் கல்யாணம்தான் கதை என்று நம்பி உட்கார்ந்திருப்போம், அது முடிந்ததும் வில்லனின் அண்ணன் கிளம்பி வருவான். (இடைவேளை முடிந்து பாப்கார்னோடு ஐந்து நிமிடம் தாமதமாக வந்து உட்கார்ந்தவர், செகண்ட் ஹாஃப் புரியவில்லை என்று எழுதுவதும் உண்டு. அந்த ஐந்து நிமிடத்துக்கு இயக்குநர் பொறுப்பில்லை.)

இவை எதிலும் சேராத மெதுவும் உண்டு. ‘கொட்டுக்காளி’யில் நீங்கள் பார்த்தது அதைத்தான். மீனா வேறு சாதிப் பையனைக் காதலிக்கிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே சேர்ந்து அவளை ஒரு சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. ஆட்டோ, பைக், நிற்பது, கிளம்புவது, மறுபடி நிற்பது. இடையில் ஒரு காளை வழியை மறிக்கிறது. ‘போய்ச் சேர்ந்ததும் என்ன ஆகும்’ என்ற பட்டனை நீங்கள் முதல் கால்மணி நேரத்திலேயே அழுத்தியிருப்பீர்கள். அதைத் தள்ளித் தள்ளிப் போடுவதுதான் அந்தப் படத்தின் வேலை. மீனா கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. அவளைச் சுற்றியிருக்கும் ஆண்கள் எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தமாக இருக்கிறார்கள் என்பதை நாமும் அந்த நேரத்தைச் செலவழித்துத்தான் உணர முடியும். அப்படியும் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அதில் தவறில்லை. அப்போது, ‘முடிவுக்காகக் காத்திருந்தேன், படம் என்னை வழியிலேயே வைத்திருந்தது, அந்த வழியில் எனக்குப் பார்க்க அதிகம் கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். அதைப் படித்து, நமக்கான படம் இது என்று ஒரு நண்பர் முடிவு செய்யலாம், நமக்கு வேண்டாம் என்று இன்னொருவரும் முடிவு செய்யலாம். இரண்டு பேருக்கும் பயன்.

அந்தக் குறிப்பிலும் ‘பிஜிஎம் வேற லெவல்’ இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இருந்தால் மாட்டிக்கொண்டீர்கள். அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. காற்று, வண்டி, சேவல், ஆட்களின் இரைச்சல், மீனாவைக் கட்டிக்கொள்ளவிருக்கும் பாண்டியின் கட்டிய தொண்டை, இவ்வளவுதான். போன் ஸ்பீக்கரில் பார்த்தால் படத்தில் பாதி காணாமல் போய்விடும்.

‘மெய்யழகன்’ சண்டைக்கு வருவோம். நீங்கள் இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். 2024 செப்டம்பர் கடைசியில் அது வெளியானபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியது. நீளம் என்ற பேச்சு எழுந்ததும் சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் லேக் என்ற சொல்லை வைத்து மல்லுக்கட்டினால் தீர்ப்பு எப்படி வரும்? ஓடிடியில் மொத்த நேரம் திரையின் கீழேயே தெரியும், அதைக் குறிப்பின் முதல் வரியில் போட்டுவிடுங்கள். இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. ‘பிளேட் ரன்னர்’ 1982இல் நாயகனின் குரல் பின்னணியில் கதை சொல்ல வெளிவந்தது, 1992இல் அந்தக் குரலை எடுத்துவிட்டு இன்னொரு வடிவம் வந்தது, 2007இல் மற்றொன்று. எந்த வடிவம் என்று சொல்லாமல் அந்தப் படத்தைப் பற்றி வாதம் செய்வதில் அர்த்தமில்லை.

அடுத்து, வீட்டில் எப்படிப் பார்த்தீர்கள்? 1.5 வேகத்தில் ஓடவிட்டிருந்தால் நூற்றைம்பது நிமிடப் படம் நூறு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் ‘காமெடி எடுபடவில்லை’ என்று எழுதக் கூடாது. வசனத்துக்கும் எதிராளியின் முகத்துக்கும் நடுவில் விடும் இடைவெளியில்தான் சிரிப்பு இருக்கிறது, அதைத்தான் நீங்கள் சுருக்கிவிட்டீர்கள். ‘மெய்யழகன்’ போன்ற படத்துக்கு இது இன்னும் மோசம். தன்னை இவ்வளவு பாசமாகக் கவனிக்கிறவனின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லையே என்று அரவிந்த்சாமி தவிக்கிற தவிப்பு முழுக்க அந்த இடைவெளிகளுக்குள் இருக்கிறது.

டிவியில் மாற்ற வேண்டியவை சில உண்டு. சினிமா நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). புது டிவிகள் நடுவில் தாமாகவே சட்டகங்களை உருவாக்கிச் சேர்த்து அசைவை வழவழப்பாக்கும், அதனால் எந்தப் படமும் மெகா சீரியல் மாதிரித் தெரியும். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். எதுவானாலும் அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தாலே போதும், அதுவே அணைத்துவிடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று ஜூம் செய்து திரையை நிரப்பாதீர்கள். ஸ்கோப் எனும் அகலத்திரைப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.39 மடங்கு, டிவிக்கு 1.78 மடங்குதான். நிரப்பினால் அகலத்தில் கால் பங்கு வெளியே போய்விடும். இரண்டு ஓரத்தில் இரண்டு பேர் நின்று பேசும் காட்சியில் ஒருவரின் பாதி முகம்தான் மிஞ்சும். அதன் பிறகு ‘கேமரா சூப்பர்’ என்று எழுதினாலும் ‘கேமரா சுமார்’ என்று எழுதினாலும் செல்லாது.

வசனம் முணுமுணுப்பாகவும் பாட்டு காதைக் கிழிப்பதாகவும் இருந்தால் படத்தைத் திட்டுவதற்கு முன் ஆடியோ பட்டியலைப் பாருங்கள். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று பிரித்து வைக்கப்பட்டிருக்கும். டிவியிலோ இரண்டு சின்ன ஸ்பீக்கர்தான். ஸ்டீரியோ என்று இருப்பதைத் தேர்ந்தால் பல வீடுகளில் சிக்கல் அங்கேயே தீரும். தியேட்டரில் நிலைமை வேறு. அங்கே ஒலியளவுக்கான குமிழில் 7 என்பதுதான் அளவுகோல். ‘கங்குவா’ வந்தபோது சத்தம் அதிகம் என்று புகார் கிளம்பி, தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார். குறைத்தால் இசை மட்டும் குறையாது, வசனமும் சேர்ந்து இறங்கும். அதனால் ‘சத்தம்’ என்று எழுதும்போது எந்த ஊர், எந்தத் திரை என்றும் போடுங்கள். பழி சரியான ஆள்மேல் விழட்டும்.

டப்பிங்கையும் சொல்ல வேண்டும். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் கொடைக்கானலுக்கு வந்த மலையாளப் பையன்கள் குழியில் விழுந்த நண்பனுக்காக உதவி கேட்டு ஓடுகிறார்கள், இங்குள்ளவர்கள் பேசுவது தமிழ். அந்தப் பதற்றத்தில் மொழிக்கும் பங்கு உண்டு. எல்லோரும் தமிழே பேசும் டப்பில் பார்த்தால் அந்தப் பங்கு போய்விடும். டப்பில் பார்த்தவர் அப்படிப் பார்த்ததாகச் சொல்லிவிட்டால் போதும்.

நடிப்பைப் பற்றி எழுதும்போது ஒரே ஒரு செய்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘லப்பர் பந்து’ பார்த்திருப்பீர்கள். ‘தினேஷ் செம’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் போய்ச் சேராது. ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ ஒலிக்க, அவர் நடிக்கும் கெத்து என்ற பாத்திரம் மட்டையோடு உள்ளே வரும் நடை ஒன்று, வீட்டில் மனைவிக்கு முன்னால் நிற்கும் நிலை இன்னொன்று, இரண்டு ஆள் மாதிரி இருக்கிறது என்று எழுதினால் பார்க்காதவருக்கும் ஒரு மனிதர் கண்ணில் தெரிவார். ‘கேமரா சூப்பரு’க்கும் இதே வைத்தியம்தான். எந்தக் காட்சி, யார் எங்கே நின்றார்கள், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ட்விஸ்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ‘ஒரு ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்’ என்பதே சொல்லிவிட்டதுதான். படிக்கிறவர் முதல் காட்சியிலிருந்து அதைத் தேட ஆரம்பித்துவிடுவார். முதல் அரைமணிக்குள் படமே வெளிப்படையாகச் சொல்வதை மட்டும் சொல்லுங்கள். ‘மகாராஜா’ என்றால், முடி வெட்டும் தொழில் செய்கிற ஒருவர் தன் வீட்டு இரும்புக் குப்பைத் தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் வந்து நிற்கிறார், அடி வாங்கியும் போகமாட்டேன் என்கிறார். இதைவிடப் பெரிய தூண்டில் எதற்கு? மற்றதைப் பேச ஆசையாக இருந்தால், பார்த்துவிட்ட நண்பரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள்.

நீளம் எட்டு வரிக்கு மேல் போனால் கதைச் சுருக்கம் உள்ளே நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வரியில் எங்கே, எந்த மொழியில், எத்தனை நிமிடம். கதைக்கு இரண்டு வரி. மனதில் நின்ற காட்சி ஒன்று, கை போனுக்குப் போன காட்சி ஒன்று, காரணத்தோடு.

மார்க் வேண்டாம். உங்கள் மூன்றேகாலுக்கும் மூன்றரைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த இடத்தில், யாரோடு போகலாம் என்று எழுதுங்கள். அம்மாவோடு போகலாம், தனியாகப் போகலாம், பிள்ளைகளோடு வேண்டாம், இப்படி. 2024 விதிகளின்படி சான்றிதழிலேயே யுஏ 7+, 13+, 16+ என்று பிரித்துத் தருகிறார்கள். ஆனால் எந்தக் காட்சியில் உங்கள் வீட்டுப் பிள்ளை உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் என்று அதில் போட்டிருக்காது. உங்கள் நண்பர்களுக்கு வேண்டியது அந்த வரிதான்.