கல் கோயிலைச் செங்கல்லில் கட்டினால்...

கேள்வி: ராமேஸ்வரம் போகும் வழியில் இடைக்காட்டூர் திருஇருதய ஆலயத்தைப் பார்த்தோம். பிரான்சில் இருக்கும் சர்ச்சை அப்படியே காப்பியடித்துக் கட்டியது என்றார் எங்கள் டிரைவர். நிஜமா? கம்பியில்லாமல் இவ்வளவு உயரம் எப்படி நிற்கிறது?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: டிரைவர் சொன்னதில் பாதி சரி. ரீம்ஸ் நகரத்துக் கதீட்ரல்தான் மாதிரி. பிரான்ஸ் மன்னர்கள் முடிசூட்டிக்கொண்ட கோயில் அது. 1211-இல் கட்ட ஆரம்பித்தார்கள். அதைப் போல இங்கே 1894-இல் எழுப்பியவர் பெர்தினாந்து செல்லே என்ற பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார். (இருபது வருஷம் கழித்து, 1914-இல், ஜெர்மன் குண்டுவீச்சில் ரீம்ஸின் கூரை எரிந்துபோனது. நம்முடையதற்கு அந்தத் தொல்லை இல்லை.)

'அப்படியே' என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரீம்ஸ் பிரம்மாண்டம், அளவில் இது அதன் பேத்தி. அதைவிட முக்கியம், அது கல். உளி வைத்தால் பூவும் வரும், தேவதையும் வரும். இங்கே செங்கல். செங்கல்லில் உளி வைத்தால் பொடிதான் வரும்.

ஒருமுறை எங்கள் தெருக் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மனுஷன் பீடத்துப் பக்கமே போகவில்லை. ஒரு வளைவுக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செங்கல் விளிம்பை நகத்தால் தடவினார். "சார், இது கரண்டியால தட்டி எடுத்த கல்லு இல்ல. தட்டியிருந்தா முகம் சொரசொரன்னு இருக்கும். இந்த வளைவோடவே அச்சுல வார்த்துச் சுட்டது" என்றார். அப்படியென்றால் ஒவ்வொரு வளைவுக்கும் பூவேலைக்கும் தனித்தனி அச்சு! கடத்துக்குப் பேர்போன மானாமதுரை பக்கத்தில்தான் இருக்கிறது என்பது அப்போது ஞாபகம் வந்தது.

சரி, கம்பி விஷயம். அதையும் அவரே விளக்கினார். என் உள்ளங்கையோடு தன் உள்ளங்கையைச் சேர்த்து, இருவரும் எதிரெதிரே சாய்ந்தோம். "அமுக்குனா செங்கல்லு தாங்கும், இழுத்தா தாங்காது. வளைவுல எல்லாம் அமுக்கம்தான்." கோதிக் என்கிற இந்தப் பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணியில் வளைவு உச்சியில் கூர்மையாக இருப்பதும் இதற்காகத்தான். அரைவட்ட வளைவு பக்கவாட்டில் அதிகம் தள்ளும். கூரிய வளைவு பாரத்தைக் கீழ்நோக்கி இறக்கும். மிச்சத் தள்ளலை வெளியே முட்டுச்சுவர் வாங்கிக்கொள்ளும். சொல்லிக்கொண்டே அவர் கையை எடுத்துவிட்டார். நான் பெஞ்சில் போய் விழுந்தேன்.

அப்புறம், அடுத்த தடவை போனால் அதே ஊரில் இடைக்காடர் சித்தரின் இடத்தையும் பாருங்கள். பஞ்சம் வரப்போவதை முன்பே அறிந்து, வரகை மண்ணோடு குழைத்துக் குடிசைக்குச் சுவர் வைத்தாராம். கொத்தனார் அதை மட்டும் நம்பவில்லை. "எலி விடுமா சார்?" என்றார்.